அரை மீட்டர் பிழை

மார்ச் மாதம். பகல் ஒன்று ஐந்து.
இந்தத் தீவின் கடிகாரம் சூரியனைவிட
ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால்
உச்சிப்பொழுது எங்களுக்குத் தாமதமாகத்தான் வரும்.
நிழல்கள் அவரவர் செருப்புக்குள் ஒளிந்துகொள்ளும்
அந்தச் சில நிமிடங்களுக்காக
ஜூரோங் ஈஸ்ட்டில், ஒரு புதுக் கட்டடத்தின் முற்றத்தில்
சுண்ணாம்புக் கட்டியோடு குந்தியிருக்கிறேன்.

நாடாவின் மறுமுனை கொக் லியோங் கையில்.
"அசையாதே" என்கிறார்.
என்னிடம் அல்ல, தூங்குமூஞ்சி மரத்தின் நிழலிடம்.

வரைபடத்தில் அந்த மரத்துக்கு இருபது வயது:
பச்சை வட்டம், பத்து மீட்டர் விட்டம்.
தரையில் ஏழு மாதம்.
மூன்று முட்டுக்கழிகளின் தோளில் கைபோட்டு நின்று
வெயிலைச் சலிக்கிறது.
சலித்ததில் எவ்வளவு நிழல் என்று படிவம் கேட்கவில்லை.
விளிம்பு எது என்றுதான் கேட்கிறது.

நடுக்கூடம் பரவாயில்லை.
எட்டு மாடி உயரம், இரண்டு பக்கம் சுவர் கிடையாது,
உச்சியில் சாய்ந்த கண்ணாடித் தகடுகள்.
கணினியில் காற்று நீல அம்புகளாக
முன்வாசல் வழியே வந்தது.
நேரில் பின்பக்கமாக, குப்பைத்தொட்டிகளைத் தாண்டி
மீன் செதில் வாடையோடு வருகிறது.
ஆனாலும் காற்றுதான்.
கருவியை நீட்டினேன்: நொடிக்கு முக்கால் மீட்டர்.
வாடைக்குக் கட்டம் இல்லை.

அங்கேதான், நான்காம் தூணடியில்,
பக்கத்து மனையில் வேலை செய்கிறவர்கள் ஐந்து பேர்
அட்டை விரித்துப் படுத்திருந்தார்கள்.
ஒருவனுக்கு அட்டை கிடைக்கவில்லை;
காலணிகளைத் தலைக்கு வைத்திருந்தான்.
கவிழ்த்த தலைக்கவசத்தில் பெயர்: மொய்னுல்.
படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது.
நாடாவை அவனைச் சுற்றிப் போட்டேன்.
கணக்கில் அரை மீட்டர் பிழை.

காவலர் ஜைனல் வந்தார்.
குரலைத் தாழ்த்திக்கொள்ளத் தெரிந்தவர்.
"இன்றைக்கு ஆய்வு. இங்கே படுக்கக் கூடாது"
என்று என்னைக் காட்டினார்.
ஆய்வு என்பது நான்தான்.
ஒரு வார்த்தை பேசாமல் அட்டைகளை மடித்து
எதிரே, வேலியோரத்து வெயிலுக்குப் போனார்கள்.
மொய்னுல் கிடந்த இடத்தில்
முதுகின் அளவுக்கு ஈரம்.
எண்ணைக் குறித்து நிமிர்வதற்குள்
காற்று அதைத் துடைத்துவிட்டது.
காற்றோட்டம் திருப்திகரம்.

ஒன்று இருபதுக்கு மேற்கே இருட்டியது.
ஒரே மேகம்.
விரைவுச்சாலை, அடுக்கிய கொள்கலன்கள்,
பாரந்தூக்கிகள், என் குனிந்த முதுகு,
ஜூரோங் முழுக்க
நூறு விழுக்காடு நிழல்.
என் கோட்டுக்கு உள்ளும் வெளியும் ஒரே நிறம்.
தூங்குமூஞ்சி இலைகளை மூடிக்கொண்டது,
பணிநேரம் முடிந்தாற்போல.

பிறகு கொட்டியது.
உணவுப் பையோடு ஒரு பையன்,
காலணியைக் கையில் பிடித்த இரண்டு மாணவிகள்,
குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி,
கடைசியாக, ஓடாமல் நடந்து, அந்த ஐந்து பேர்.
தடுப்புக் கயிற்றை ஜைனலே அவிழ்த்தார்.
மழைக்கு ஒதுங்குகிறவரை யார் விரட்டுவார்?
மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காதவன் என்று
வைவதற்காவது நம்மிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது.
வெயிலுக்கு ஒதுங்குகிறவனுக்கு
ஒரு வசைகூட இல்லை.

மொய்னுல் கோட்டைப் பார்த்தான்.
"இது என்ன மேடம்?"
"நிழல் இதுவரைக்கும்" என்றேன்.
மேலே பார்த்தான். கோட்டைப் பார்த்தான்.
மரியாதைக்காகவோ என்னவோ
ஓர் அடி பின்வாங்கி உள்ளே நின்றான்.
சாரல் வந்து கோட்டைக் கரைத்தது;
வெள்ளைத் தண்ணீர் அவன் விரல்களுக்கிடையே ஓடியது.

படிவத்தில் 'குறிப்புகள்' என்று இரண்டு வரி இடம் உண்டு.
'நான்காம் தூண், ஐந்து பேர், பகல் ஒன்று பத்து வரை'
என்று எழுதினேன்.
கொக் லியோங் எட்டிப் பார்த்தார்.
"ஆளுக்கெல்லாம் புள்ளி கிடையாது."
"தெரியும்."
"கோடும் போய்விட்டது. நாளைக்கு மறுபடி வரணும்."
"வரலாம்" என்றேன்,
நனைந்த நாடாவைச் சுருட்டியபடி,
"கொஞ்சம் நீளமான நாடா கொண்டு வாங்க."